லாரி ரசீதைப் படிக்கக் கற்றோம்



நாமக்கல் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு லாரி ஒன்றும் புதிதன்று. பாடி கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசையில் விழித்தெழுகிற தெருக்கள் நம் பக்கத்தில் உண்டு. முட்டை ஏற்றிய வண்டிகள் கேரளத்துக்குப் போவதைப் பள்ளிப் பேருந்தின் சன்னலிலிருந்து தினமும் பார்க்கிறோம். எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் லாரியை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்போம். அப்படியிருந்தும் அந்தத் தொழிலில் தினமும் புழங்கும் பத்துச் சொற்களுக்குப் பொருள் கேட்டால் நாம் விழிக்கத்தான் செய்வோம். பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவு மாணவியராகிய நாங்களும் சென்ற ஜூன் மாதம் வரை அப்படித்தான் இருந்தோம்.

பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் சிவகாசியிலிருந்து நோட்டுப் புத்தகங்கள் வந்தன. வசதியில்லாத மாணவியருக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக, பழைய மாணவியர் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பிய பணத்தில் வாங்கியவை. மொத்தம் இருபது கட்டு. கட்டுக்கு அறுபது நோட்டு. ஆளுக்கு ஆறு வீதம் இருநூறு பேருக்குக் கணக்கு. அன்று காலை முதல் மழை. பார்சல் அலுவலகத்து டெம்போ வாசலில் வந்து நின்றது. டிரைவருக்கோ இன்னும் நாலு இடம் போக வேண்டிய அவசரம். அலுவலகச் சிஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, அவர் நீட்டிய தாளில் கையெழுத்திட்டார்.

"வாடகை எண்ணூத்தி அறுபது ரூபாய் குடுங்கம்மா" என்றார் டிரைவர்.

"வாடகையைக் கடைக்காரரே கட்டியிருப்பாரே?"

"இல்லீங்கம்மா, டு பே போட்டிருக்குது பாருங்க."

சிஸ்டர் ஒன்றும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார். கட்டுகளைத் தூக்கி உள்ளே அடுக்கும் வேலை எங்களுடையது. கடைசியாக இறங்கிய இரண்டு கட்டுகள் கனமாக இருந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே வரை ஈரம். அட்டை உப்பி, கோடுகளின் நீலம் கரைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நூற்று இருபது நோட்டுகள் போயின. இருபது பிள்ளைகளின் பங்கு!

சிஸ்டர் பார்சல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "சரக்கு நல்ல நிலையில் வந்தது என்ற வரிக்குக் கீழே நீங்கள்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். தாளை எடுத்துப் பார்த்தோம். ஆமாம், பொடி எழுத்தில் அந்த வரி இருந்தது.

எங்கள் வணிகவியல் ஆசிரியை, "பாடப்புத்தகத்தில் படித்ததை இப்போது கண்ணால் பார்க்கிறீர்கள். இந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்துகொண்டு வாருங்கள்" என்றார். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து, தாமே ஓட்டுபவர். அந்த வாரம் எப்.சி. வேலைக்காக வண்டி பட்டறையில் நின்றது. சனிக்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லி அவரைக் கேட்டுக்கொண்டோம். வந்ததும் நாங்கள் 'அங்கிள்' என்றோம். "அங்கிள் எல்லாம் வேண்டாங் கண்ணு, மாமான்னே கூப்பிடுங்க" என்றார். சிஸ்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால கட்டை எண்ணித் தொட்டுப் பார்த்தீங்களாங்க சிஸ்டர்?" என்பதுதான்.

அந்தத் தாளுக்கு லாரி ரசீது என்று பெயர். பேச்சு வழக்கில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, 'எல்.ஆர்.' என்றுதான் சொல்கிறார்கள். வடக்கே போனால் இதற்கே 'பில்டி' என்று பெயராம். இந்தச் சரக்கை, இவரிடமிருந்து, இன்ன தேதியில், இன்ன ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகப் பெற்றுக்கொண்டோம் என்று லாரிக் கம்பெனி எழுதிக் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டு அது. ஆகவே அது வெறும் ரசீது அன்று. ஓர் ஒப்பந்தமும் ஆகும். மூன்று நான்கு படிகள் எழுதுவார்கள். ஒன்று அனுப்புகிறவருக்கு, ஒன்று பெறுகிறவருக்கு, ஒன்று டிரைவர் கையில், ஒன்று அலுவலகத்தில். அனுப்புகிறவரைக் 'கன்சைனர்' என்றும், பெறுகிறவரைக் 'கன்சைனி' என்றும் அச்சிட்டிருப்பார்கள். இந்த இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் எங்களில் பாதிப்பேர் தேர்வில் மாற்றி எழுதியிருக்கிறோம். எங்கள் கதையில் சிவகாசிக் கடைக்காரர் கன்சைனர்; பள்ளி கன்சைனி.

வாடகையை யார் கொடுப்பது என்பதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. அனுப்பும் இடத்திலேயே கட்டிவிட்டால் 'பெய்டு'. சரக்கு சேர்ந்த இடத்தில் பெறுகிறவர் கொடுக்க வேண்டுமானால் 'டு பே'. மாதக் கணக்கு வைத்திருக்கும் பெரிய வியாபாரிகளுக்குப் பிறகு பில் அனுப்பி வாங்கிக்கொள்வதானால் 'டு பி பில்டு', சுருக்கமாக டி.பி.பி. சிஸ்டர் கடைக்காரரிடம் விலை பேசியபோது, "எல்லாம் சேர்த்துத்தானே?" என்று கேட்டிருக்கிறார், அவரும் "ஆமாம்" என்றிருக்கிறார். அந்த 'எல்லாம்' என்பதற்குள் லாரி வாடகை உண்டா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. எண்ணூற்று அறுபது ரூபாய் அந்த ஒரு சொல்லுக்குக் கொடுத்த விலை.

வாடகைக்குக் கீழே 'ஹமாலி' என்று ஒரு தொகை இருந்தது. ஏதோ வரி என்று நினைத்தோம். அது லோடுமேன்களின் கூலி. சுமை தூக்குகிறவரை அரபு மொழியில் ஹம்மால் என்பார்களாம். அந்தச் சொல் இன்று சிவகாசி ரசீதில் நிற்கிறது. ஏற்றுக்கூலி யார் தலையில், இறக்குக்கூலி யார் தலையில் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பேசாவிட்டால் பெரும்பாலும் அது டிரைவரின் சட்டைப்பையிலிருந்து போகும் என்றார் மாமா.

'டோர் டெலிவரி' என்றால் வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பது. 'கோடவுன் டெலிவரி' என்றால் தகவல் வந்ததும் நாமே பார்சல் அலுவலகத்துக் கிடங்குக்குப் போய் எடுத்துக்கொள்வது. கிடங்கில் சில நாள் சும்மா வைத்திருப்பார்கள். அதற்கு மேல் போனால் நாளுக்கு இவ்வளவு என்று 'டெமரேஜ்' கேட்பார்கள்.

இனி வண்டிக்கு வருவோம். ஒருவரே வண்டி முழுவதையும் பிடித்துச் சரக்கு ஏற்றினால் அது 'முழு லோடு'. பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றினால் 'பார்ட் லோடு' அல்லது பார்சல். முழு லோடு ஏற்றிய வண்டி கிளம்பிய இடத்திலிருந்து சேரும் இடம் வரை நேராகப் போகும். தார்ப்பாயை நடுவில் யாரும் அவிழ்ப்பதில்லை. பார்சல் அப்படியன்று. எங்கள் நோட்டுக் கட்டு சிவகாசியில் ஒரு வண்டியில் ஏறி, வழியில் ஒரு கிடங்கில் இறங்கி, வேறு வண்டியில் ஏறி, நம் ஊர்க் கிடங்கில் மறுபடி இறங்கி, பிறகு டெம்போவில் ஏறியிருக்கிறது. "ஒவ்வொரு தடவை இறக்கி ஏத்தும்போதும் சரக்குக்கு ஒரு கண்டம்" என்றார் மாமா. நனைந்தது எந்த இடத்தில் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் பார்சல் இல்லாவிட்டால் இருபது கட்டுக்காகப் பள்ளி ஒரு முழு லாரியையல்லவா பிடிக்க வேண்டும்! சிறு வியாபாரிகளுக்கு வாழ்வு கொடுப்பதும் இதே பார்சல்தான்.

பார்சலுக்கு எடை போடும் முறையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பத்துக் கிலோ இரும்பும் பத்துக் கிலோ இலவம்பஞ்சும் தராசில் ஒன்றுதான். ஆனால் பஞ்சு, வண்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளுமே! ஆகவே நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கிக் கன அடி கண்டு, ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று கம்பெனி வைத்திருக்கும் எண்ணால் மறுபடி பெருக்குவார்கள். அந்தக் கணக்கு எடையும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. மெத்தை அனுப்பியவர்கள் ஏன் அவ்வளவு பணம் கேட்டார்கள் என்று திகைப்பது இதனால்தான்.

லாரியின் எடையில் மூன்று சொற்கள் முக்கியம். வெறும் வண்டி எடைமேடையில் ஏறி நின்றால் வருவது காலி எடை. சரக்கோடு ஏறினால் வருவது மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிகர எடை, அதுதான் சரக்கு. மூன்று அச்சுகளும் பத்துச் சக்கரங்களும் கொண்ட லாரியை, நம் பக்கத்தில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் 'டாரஸ்' என்றே சொல்லிவிடுகிறோம். அதன் மொத்த எடை 25 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று முன்பு விதி இருந்தது. 2018 ஜூலையில் அதை 28.5 டன் ஆக்கினார்கள். காலி எடை 10 டன் என்று வைத்துக்கொண்டால் ஏற்றக்கூடிய சரக்கு 18.5 டன். அதற்கு மேல் ஏற்றினால் 'ஓவர் லோடு'. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு இதற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதைத் தமிழ் வகுப்பில் படித்தோம். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வருவது. மாமாவுக்கும் அது தெரிந்திருந்தது! "அச்சு முறியறது அப்புறம் கண்ணு, மொதல்ல பிரேக் பிடிக்காது" என்றார்.

வாடகையை டன்னுக்கு இவ்வளவு என்றோ, வண்டிக்கு இவ்வளவு என்றோ பேசுவார்கள். பேசி முடிப்பது பெரும்பாலும் புக்கிங் ஆபீஸ் அல்லது புரோக்கர், அவருக்குக் கமிஷன். பெரும்பகுதியை லோடு ஏற்றியதும் 'அட்வான்ஸ்' என்று கொடுப்பார்கள். டீசல், டோல், படி எல்லாம் அதற்குள். மிச்சத்துக்குப் 'பேலன்ஸ்' என்று பெயர். சரக்கு பத்திரமாகச் சேர்ந்தது என்று பெறுகிறவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த எல்.ஆர். படி திரும்பி வந்தால்தான் பேலன்ஸ் கிடைக்கும். அந்தத் தாளைப் 'பி.ஓ.டி.' என்கிறார்கள். இப்போது செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள். மூலத் தாளே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் இடங்களும் உண்டு. அந்தத் தாள் மழையில் நனைந்தால் டிரைவரின் கூலியும் நனைந்தது. அன்று நம் வாசலில் அவசரப்பட்ட டெம்போக்காரரின் மேல் எங்களுக்கிருந்த கோபம் இதைக் கேட்டதும் கொஞ்சம் குறைந்தது.

ஓர் ஊரில் சரக்கை இறக்கிவிட்டால் வண்டி சும்மா திரும்ப முடியாது. நாமக்கல்லிலிருந்து மும்பைக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று கணக்கிட்டாலும் ஒரு வழிக்கு 300 லிட்டர் டீசல். காலி வண்டியாக அதை எரித்துக்கொண்டு வந்தால் போன லோடில் வந்த லாபமெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே அங்கேயே காத்திருந்து 'ரிட்டர்ன் லோடு' பிடிக்க வேண்டும். அது ஒரு நாளிலும் கிடைக்கும். ஐந்து நாளும் ஆகும். அதுவரை சமையல் வண்டியின் நிழலில், படுக்கை வண்டியின் கேபினில். அந்தக் கேபினில் அடிக்கும் சூடு சொல்லி மாளாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று அரசு ஆணையிட்டிருக்கிறது. பழைய வண்டிக்காரர்களுக்கு ஈரத் துண்டுதான்.

வழியில் கேட்கும் தாள்களில் முக்கியமானது 'இ-வே பில்'. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி வந்தபோது, மாநில எல்லைகளில் இருந்த விற்பனைவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். அங்கே மணிக்கணக்கில் வரிசையில் நின்ற கதைகளை மாமா நிறையச் சொன்னார். அதற்குப் பதிலாக 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் வந்தது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் கணினியில் பதிந்து இதை எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போவதற்கு வரம்பு ஒரு லட்சம். இதில் முதற்பகுதியில் சரக்கு விவரம். இரண்டாம் பகுதியில் வண்டி எண். வண்டி வழியில் கெட்டுப்போய்ச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் அந்த எண்ணையும் மாற்றிப் பதிய வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் இதற்கு ஆயுள். மும்பைப் பயணம் 1,250 கிலோமீட்டர் என்றால் ஆறேகால் வருகிறது. கால் நாளையும் ஒரு நாளாக எண்ணி ஏழு நாள் கொடுப்பார்கள். முடிகிற நேரத்துக்கு எட்டு மணி முன்னும் எட்டு மணி பின்னும்தான் நீட்டிப்புக் கேட்கலாம். சிண்ட்ரெல்லாவின் பூசணி வண்டிபோல் நள்ளிரவோடு முடிந்துபோகும் சீட்டு இது என்று எங்களில் ஒருத்தி சொல்ல, மாமாவுக்கு அந்தக் கதையைச் சொல்லி விளக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் 'ஹால்டிங்' என்ற சொல் வந்ததும் சற்று நிறுத்தினார். டெமரேஜ் என்பது சரக்கு கிடங்கில் காத்திருப்பதற்கு. ஹால்டிங் என்பது லாரி காத்திருப்பதற்கு. ஏற்றவோ இறக்கவோ போன இடத்தில், பேசிக்கொண்ட நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்திவைத்தால் நாளுக்கு இவ்வளவு என்று வண்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது. இருபத்துநாலு மணி நேரம் அல்லது நாற்பத்தெட்டு மணி நேரம் சும்மா நிற்க ஒப்புக்கொள்வார்கள், பிறகு ஹால்டிங்.

சென்ற ஆண்டு விழாவில் எங்கள் தோழிக்குக் கணக்கில் முதற்பரிசு. மேடையில் பெயரை அழைத்தபோது அவளுடைய அம்மாவும் தம்பியும் மட்டும் கைதட்டினார்கள். அப்பா ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்டதற்கு, "லோடு இறக்கல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அந்த வாரம் அவர் வெளி மாநிலத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தார். திங்கட்கிழமை காலை போய்ச் சேர்ந்த வண்டியை வெள்ளிக்கிழமை மாலைதான் உள்ளே விட்டார்கள். கிடங்கில் இடமில்லை என்று ஒரு நாள்; இறக்க ஆளில்லை என்று ஒரு நாள்; மேலாளர் விடுப்பு என்று ஒரு நாள். வங்கித் தவணைக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியுமா? அது அதன் தேதியில் வந்து நின்றது. ஊருக்கு வந்து ஹால்டிங் கேட்டால், "நீ திங்கட்கிழமையே போனாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றாராம் புக்கிங் ஆபீஸ்காரர். வாசலில் இருந்த காவலாளி வண்டியின் வருகை நேரத்தைத் தாளில் எழுதவில்லை. எல்.ஆரிலும் ஹால்டிங் இவ்வளவு என்று எழுதவில்லை. ஆகவே ஐந்து நாட்களுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

எங்கள் தோழி அன்று எங்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். தன் அப்பா சொல்லும்வரை அந்த ஐந்து நாள் கதை அவளுக்கே முழுதாகத் தெரியாதாம்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961இல் ஒரு சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி வேலை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டம். படித்துக் காட்டினோம். மாமா மெல்லச் சிரித்தார். வாசலில் இழந்த நாளைச் சாலையில்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தூங்காமல் ஓட்டுவது அங்கே ஆரம்பமாகிறது என்பதை அவர் சொல்லாமலே புரிந்துகொண்டோம்.

இறக்குவதற்காகக் காத்திருப்பது உலகெங்கும் உள்ள தொல்லைதான். அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்று ஒரு லாரிக்காரர் இருந்தார். துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளை ஒவ்வொன்றாகக் கப்பலுக்குத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கக் காத்துக் கிடந்தபோதுதான், பெட்டியோடு அப்படியே தூக்கிவைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது என்பார்கள். 1956 ஏப்ரல் 26ஆம் நாள் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இன்று திருப்பூர்ப் பனியன் தூத்துக்குடிக்குப் போவதும் அப்படிப்பட்ட 'கன்டெய்னர்' பெட்டிகளில்தான்; இருபது அடிப் பெட்டி, நாற்பது அடிப் பெட்டி என்று இரண்டு அளவுகள் பெருவழக்கு. ஒரு லாரிக்காரரின் சலிப்பிலிருந்து இவ்வளவு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. அந்தப் பெட்டியைச் சுமந்த லாரியும் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

நனைந்த நோட்டுகளை நாங்கள் மறந்துவிடவில்லை. மாமாவும் ஆசிரியையும் சேர்ந்து எங்களுக்குச் சட்டத்தையும் காட்டினார்கள். 1865ஆம் ஆண்டின் கேரியர்ஸ் சட்டத்துக்குப் பதிலாக 2007இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுமக்களின் சரக்கை ஏற்கும் கம்பெனி பதிவு செய்துகொள்ள வேண்டும். சரக்கு கெட்டாலோ காணாமற் போனாலோ பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அந்தப் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு: வாடகையைப் போல் பத்து மடங்கு, அதுவும் அனுப்பும்போது எழுதிக்கொடுத்த மதிப்புக்கு மேல் போகாது. எங்கள் வாடகை 860. பத்து மடங்கு 8,600. கெட்ட நோட்டுகளின் விலை 4,200. ஆகவே வரம்புக்குள்தான் இருந்தோம். இதே வாடகையில் ஒரு லட்ச ரூபாய்க் கருவியை அனுப்பியிருந்தால்? அதற்காகத்தான், அனுப்பும்போதே மதிப்பைச் சொல்லி அதிகக் கட்டணம் கட்டிக் கம்பெனியின் பொறுப்பை உயர்த்திக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. தனியாக இன்சூரன்ஸ் எடுப்போரும் உண்டு. பெற்றோர்கள் வீடு மாற்றிச் சாமான் அனுப்பும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. இன்னொன்று: வழக்குப் போடுவதானால், அதற்கு முன்பே, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள், இழப்பை எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தொலைபேசியில் எத்தனை முறை சண்டை போட்டாலும் அது கணக்கில் வராது.

சிஸ்டர் தொலைபேசியில் மட்டுந்தான் பேசியிருந்தார். அன்று மாலையே எல்.ஆர். எண், தேதி, கட்டு எண்ணிக்கை, நனைந்த கட்டின் படம் எல்லாவற்றோடும் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு நம் பக்கம் பலவீனமானதுதான். இருந்தாலும் ஆறு வாரம் கழித்து 2,100 ரூபாய்க்குக் காசோலை வந்தது. சரிபாதி. மீதிப் பாதிக்குப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் உண்டி வைத்தோம். அந்த இருபது பிள்ளைகளுக்கு நோட்டு கிடைத்தபோது ஆகஸ்டு பிறந்துவிட்டது. அதுவரை பழைய நோட்டின் மிச்சத் தாள்களைத் தைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெறுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தையன்று என்று இப்போது தெரிகிறது. முதலில் கட்டை எண்ண வேண்டும். ஈரம், கிழிசல், பிரித்து ஒட்டிய தடயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் கையெழுத்துக்கு மேலே, டிரைவர் கையில் இருக்கும் படியிலும் நம் படியிலும், 'இரண்டு கட்டு நனைந்து வந்தது' என்று எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்திட வேண்டும். இதற்கு 'ரிமார்க்' என்று பெயர். ரிமார்க் எழுதினால் டிரைவருக்குப் பேலன்ஸ் நின்றுபோகுமே என்று எங்களில் ஒருத்தி கவலைப்பட்டாள். "உள்ளது உள்ளபடி எழுதுங்க கண்ணு. எங்க வண்டியில நனையலேன்னா, ஏத்தும்போதே நாங்க ஒரு ரிமார்க் வாங்கி வெச்சிருப்போம்" என்றார் மாமா. நல்ல டிரைவரும் ஏற்றும் இடத்தில் எண்ணித்தான் வாங்குவாராம்.

ஜனவரியில் ஆண்டு விழாப் பரிசுப் புத்தகங்கள் சென்னையிலிருந்து பன்னிரண்டு பெட்டிகளில் வந்தன. இம்முறை பெய்டு. டிரைவரை வராந்தாவில் உட்காரவைத்து, விடுதிச் சமையலறையிலிருந்து தேநீர் வாங்கிக் கொடுத்தோம். இருவர் எண்ண, இருவர் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. பிரித்தால் உள்ளே புத்தகங்கள் நன்றாகவே இருந்தன. சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு எழுதினார்: "பன்னிரண்டு பெட்டி சரி. ஒரு பெட்டியின் மூலை நசுங்கல், சேதமில்லை. வண்டி வந்த நேரம் 10.15. விடுவித்த நேரம் 10.50."

நேரம் எதற்கு என்று டிரைவர் கேட்டார். அவரிடம் இதுவரை யாரும் அதை எழுதிக் கொடுத்ததில்லையாம்.